பின்மூடியைத் திறக்கும் முன்: ரெட்ரோ டைவ் வாட்சில் அறிகுறி பார்த்துப் பிழை பிடிப்பது

குவிந்த கண்ணாடி, பழைய காகித நிறத்தில் லூம் (இருட்டில் ஒளிரும் பூச்சு), பக்கத்தில் காவல் மேடு இல்லாத பெரிய கிரௌன் (சாவி கொடுத்து நேரம் மாற்றும் குமிழ்), வெயிலில் வெளுத்தது போன்ற பெசல் (கண்ணாடியைச் சுற்றிச் சுழலும் வளையம்). 1953-இல் பிளாங்க்பெய்ன் நிறுவனத்தின் டைவ் வாட்சான ஃபிஃப்டி ஃபேதம்ஸ் போட்ட அச்சு இது. 1965-இல் சீக்கோ 150 மீட்டர் ஆழத்துக்கென்று தன் முதல் டைவ் வாட்சை வெளியிட்டபோது ஜப்பானுக்கும் வந்தது. இன்று சிக்கன விலையில் கிடைக்கும் ரெட்ரோ டைவ் வாட்சுகள் அந்த முகத்தைத்தான் மாட்டிக்கொண்டு வருகின்றன. உள்ளே ஓடும் மெஷின் மட்டும் பெரும்பாலும் இரண்டில் ஒன்று: சீக்கோ குழுமத்தின் என்எச்35, அல்லது சிட்டிசன் குழுமத்தின் மியோட்டா 8215. டயலில் எந்தப் பெயர் இருந்தாலும் வரும் தொல்லைகள் ஒரே மாதிரி இருப்பதற்கு இதுதான் காரணம்.

உங்களுடையது எது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். பின்மூடி கண்ணாடியாக இருந்தால் உள்ளே பொறித்திருக்கும் எண்ணைப் படித்துவிடலாம். மூடியிருந்தால் கிரௌனை முழுதாக வெளியே இழுத்துப் பாருங்கள். நொடி முள் நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் அது என்எச்35 அல்ல. பழைய 8215 ஆக இருக்கலாம்.

'ரிப்பேர்' என்று சொல்லி நண்பர்கள் என்னிடம் நீட்டிய வாட்சுகளில் பல ரிப்பேரே இல்லை. திறந்து பார்த்ததால் ரிப்பேர் ஆனவையும் உண்டு. அதனால் கீழே உள்ளவற்றில் முக்கால்வாசி, மூடியைத் தொடாமலே செய்யக்கூடியவை.

கண்ணாடிக்குள் ஆவி படிகிறது

இருப்பதிலேயே அவசரமானது இதுதான், அதனால் முதலில் வைக்கிறேன். வேகமாக ஓடுவது, மெதுவாக ஓடுவது எல்லாம் அடுத்த மாதம் வரை காத்திருக்கும். ஈரம் காத்திருக்காது, உள்ளே இருக்கும் இரும்புச் சக்கரங்களும் திருகுகளும் சில நாட்களிலேயே துருவேறத் தொடங்கும்.

முதலில் உறுதி செய்யுங்கள். குளிர்ந்த அறையிலிருந்து புழுக்கமான வெளிக்கு வந்ததும் கண்ணாடியின் வெளிப்பக்கம் பனி படிவது சகஜம். விரலால் துடைத்தால் போய்விடும். துடைத்தும் போகவில்லையென்றால் உள்ளே. சந்தேகமாக இருந்தால், டைவ் வாட்சுகளுக்கான ஐஎஸ்ஓ 6425 தரத்தில் வரும் சோதனையையே வீட்டில் எளிமையாகச் செய்யலாம். வாட்சை 40 டிகிரிச் சூட்டுக்குக் கொண்டுவந்து (தொட்டால் இதமாகச் சுட வேண்டும், கையை எடுக்க வைக்கக் கூடாது), கண்ணாடியின் நடுவில் குளிர்ந்த நீர் ஒரு துளி விட்டு, ஒரு நிமிடம் கழித்துத் துடையுங்கள். உலர்ந்த வாட்சில் ஒன்றும் இருக்காது. ஈரம் இருந்தால், துளி இருந்த இடத்துக்கு நேர் கீழே, உள்பக்கத்தில், அதே அளவில் ஒரு மங்கல் வட்டம் தெரியும். சில நொடிகளில் அது கரைந்தும்விடும், அதனால் கண்ணை எடுக்காதீர்கள்.

வட்டம் தெரிந்தால் கிரௌனை வெளியே இழுத்துவிட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு காற்றுப் புகாத டப்பாவில் வைத்து, ஓரிரு நாளுக்குள் மெக்கானிக்கிடம் சேர்த்துவிடுங்கள். ஹேர் டிரையர் பிடிக்காதீர்கள்; ஒரு மூலையில் துளியாக இருந்த தண்ணீர் ஆவியாகி டயல் முழுக்கப் பரவும். உள்ளே போனது கடல் நீர் என்றால் காய வைக்கும் யோசனையே வேண்டாம். தண்ணீர் போய்விடும், உப்பு உள்ளேயே தங்கி மெஷினைத் தின்னும். அன்றைக்கே கொண்டுபோய், 'கடல் தண்ணீர்' என்று வாய்விட்டுச் சொல்லிக் கொடுங்கள். அவர் கழற்றிக் கழுவும் முறையே வேறு.

எப்படிப் போனது? முதல் சந்தேகம் எப்போதும் கிரௌன் மேல். நேரம் சரிசெய்துவிட்டு முழுதாகத் திருகி மூடாமல் குளித்திருப்போம். அடுத்தது ரப்பர் வளையங்கள். அவை சில ஆண்டுகளில் தட்டையாகி, இறுகி, அழுத்தத்தைப் பிடிக்கும் தன்மையை இழக்கின்றன. பின்மூடியில் பொறித்த '200 மீ' என்பது புது வளையத்துக்கான வாக்குறுதி. வெந்நீரும் சோப்பும் அந்த வளையங்களுக்கு ஆழக் கடலைவிடப் பெரிய எதிரிகள் என்பேன்.

டைவ் வாட்ச் முகம் இருப்பதெல்லாம் டைவ் வாட்ச் இல்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். ஐஎஸ்ஓ 6425 கேட்பது குறைந்தது 100 மீட்டர். சோதிக்கும்போது குறித்த ஆழத்தின் அழுத்தத்தைவிடக் கால் பங்கு கூடுதலாகக் கொடுத்துப் பார்ப்பார்கள். ரெட்ரோ மாடல்களில் சிலவற்றில் கிரௌனில் திருகே கிடையாது, வெறும் இழுப்பு வகை; '5 பார்' (அதாவது 50 மீட்டர்) என்று மட்டும் போட்டிருக்கும். அப்படிப்பட்டது கை கழுவவும் மழைக்கும் போதும். நீச்சலுக்குக் கொண்டுபோகாதீர்கள்.

எதற்காகத் திறந்தாலும், மூடும்போது வளையத்துக்குச் சிலிகான் கிரீஸ் தடவினார்களா, அழுத்தச் சோதனை செய்தார்களா என்று கேளுங்கள். தண்ணீரில் முக்காமல், காற்றழுத்தம் கொடுத்து வாட்சின் உடம்பு எவ்வளவு அசைகிறது என்று அளக்கும் உலர் கருவி இருக்கிறது. அது இல்லாத கடையில் திறந்த வாட்சை, அதற்குப் பிறகு தண்ணீர் ஆகாத வாட்சாகவே நடத்துங்கள்.

கிரௌன் திருகில் ஏற மறுக்கிறது

அழுத்தித் திருகாதீர்கள். மரை கோணலாக ஏறினால் கிரௌனும் போகும், அது ஏறும் குழாயும் போகும். கிரௌனை லேசாக உள்ளே அழுத்தியபடி முதலில் எதிர்த்திசையில், அதாவது கழற்றும் திசையில், மெல்லச் சுற்றுங்கள். ஓரிடத்தில் 'டக்' என்று ஒரு சிறு பள்ளத்தில் விழுவது போல விரலுக்குத் தெரியும். இரு மரைகளின் வாய்களும் அங்கேதான் சந்திக்கின்றன. அங்கிருந்து மூடும் திசையில் திருப்பினால் வெண்ணெயாக ஏறும். விரல் பலத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். குறடு எடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

திருகு கழன்ற நிலையில் கிரௌன் ஆடுவது குறையல்ல, உள்ளே இருக்கும் தண்டு அவ்வளவு மெலிது. தேதி இல்லாத டயலில் கிரௌனை இழுத்தால் ஒரு படி ஒன்றுமே செய்யாமல் சும்மா இருக்கிறதா? அதுவும் குறையல்ல. தேதியுள்ள மெஷினைத் தேதி இல்லாத டயலுக்குக் கீழே வைத்திருக்கிறார்கள். சிக்கன வாட்சுகளில் இது வெகு சாதாரணம்.

ஒரே நாளில் பல நிமிடம் முன்னே ஓடுகிறது

ஒரு நாள் காலை என் வாட்ச் போனைவிட ஆறு நிமிடம் முன்னே இருந்தது. அதுவரை நாளுக்குப் பத்து நொடிதான் பிசகும். மெஷின் போய்விட்டது என்று முடிவே கட்டிவிட்டேன். முந்தைய இரவு அதைக் கழற்றி வைத்த இடம் அப்புறம்தான் ஞாபகம் வந்தது: டேப்லெட் உறையின் மேல். உறையை மூடி வைக்கும் காந்தம் சரியாக வாட்சுக்கு அடியில்.

திடீரென்று, நிமிடக் கணக்கில், முன்னே ஓடினால் முதல் சந்தேகம் காந்தமாகத்தான் இருக்க வேண்டும். வாட்சின் இதயத்தில் முன்னும் பின்னும் ஆடும் சக்கரத்தைக் கட்டுப்படுத்துவது தலைமுடி தடிமனில் ஒரு சுருள், ஹேர்ஸ்பிரிங். அதில் காந்தமேறினால் அடுத்தடுத்த சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். சுருளின் வேலை செய்யும் நீளம் குறையும். நீளம் குறைந்தால் ஆட்டம் வேகமாகும். ஒழுங்காக ஓடும் என்எச்35 மணிக்கு 21,600 துடிப்பு, அதாவது நொடிக்கு ஆறு. அது கொஞ்சம் கூடினாலே நாள் முடிவில் நிமிடங்களாகச் சேர்ந்துவிடும். ஸ்பீக்கர், கைப்பையின் காந்தப் பொத்தான், போனின் காந்த மூடி, லேப்டாப் மூடி என்று நம்மைச் சுற்றி இந்த ஆபத்து ஏராளம். ஐஎஸ்ஓ 6425 காந்தத்துக்கும் ஒரு சோதனை வைத்திருக்கிறது, மீட்டருக்கு 4,800 ஆம்பியர் அளவில். ஒட்டினாற்போல் இருக்கும் ஒரு சிறு காந்தம் அதை எளிதாகத் தாண்டிவிடும்.

உறுதி செய்ய, முள் வைத்த சாதாரணத் திசைகாட்டி ஒன்று போதும். வாட்சை அதன் அருகே கொண்டுபோனால் முள் கொஞ்சம் அசையத்தான் செய்யும், உள்ளே இரும்பு இருக்கிறதே. அதை வைத்து 'காந்தமேறிவிட்டது' என்று சொல்லிவிட முடியாது. வாட்சின் ஒரே பக்கத்தை முள்ளின் வட முனைக்கும் தென் முனைக்கும் மாறி மாறிக் காட்டுங்கள். இரண்டு முனையையும் இழுத்தால் அது வெறும் இரும்பு. ஒரு முனையை இழுத்து மறு முனையைத் தள்ளினால் காந்தம். தள்ளுவது காந்தத்துக்கு மட்டுமே உள்ள குணம்.

காந்தத்தை இறக்கும் சிறு மின்கருவி எளிதாகக் கிடைக்கிறது. பயன்படுத்துவதில் ஒரே ஒரு சூட்சுமம்: பொத்தானை அழுத்திய நிலையில், வாட்சைக் கருவியிலிருந்து மெதுவாக விலக்கி, கை நீளத்துக்குக் கொண்டுபோன பிறகுதான் பொத்தானை விட வேண்டும். வாட்ச் கருவிமேல் இருக்கும்போதே விட்டால், அந்த நொடியின் காந்தம் அப்படியே உள்ளே தங்கிவிடும். பழையதைவிட மோசமாகும். இரண்டு முறை செய்து, திசைகாட்டியில் மறுபடி பார்த்து, ஒரு நாள் ஓடவிடுங்கள். என்னுடையது மறுநாளே பழைய பத்து நொடிக்குத் திரும்பியது.

காந்தம் இல்லை, ஆனாலும் நிமிடக் கணக்கில் ஓடுகிறது என்றால், சமீபத்தில் எங்காவது மோதியதா, கீழே விழுந்ததா என்று யோசியுங்கள். அடிபட்டதில் சுருள் சிக்கியிருக்கலாம். பின்மூடி கண்ணாடி என்றால் உருப்பெருக்கி வைத்துப் பாருங்கள்: நல்ல சுருள் மூச்சு விடுவது போல எல்லாப் பக்கமும் சமமாக விரிந்து சுருங்கும். ஒரு பக்கம் கும்பலாக ஒட்டி, மறுபக்கம் இடைவெளி விட்டுத் தெரிந்தால் அது கைதேர்ந்தவர் வேலை. ஊசியை எடுக்காதீர்கள்.

நாளுக்கு அரை நிமிடம் பிசகுகிறது

இது பிழையே இல்லை என்று சொன்னால் சிலருக்குக் கோபம் வருகிறது. என்எச்35-க்குத் தயாரிப்பாளர் சொல்லும் எல்லை நாளுக்கு 20 நொடி பின்னே முதல் 40 நொடி முன்னே வரை. 8215-க்கும் அதேதான். ஒரு நாளில் 86,400 நொடிகள். 40 நொடிப் பிசகு என்பது ஆயிரத்தில் அரைப் பங்குகூட இல்லை. பேட்டரி வாட்சுக்குப் பழகிய கண்ணுக்குத்தான் அது பெரிதாகப் படுகிறது.

முதலில் அளக்க வேண்டும். நொடி முள் 12-இல் இருக்கும்போது கிரௌனை இழுத்து நிறுத்தி, போனின் நேரத்தோடு சேர்த்து உள்ளே தள்ளுங்கள். தினமும் அதே வேளையில் வித்தியாசத்தைக் குறித்து வையுங்கள், நான்கு நாளாவது. தினமும் பதினைந்து நொடி முன்னே போகும் வாட்ச் நல்ல வாட்ச். ஒரு நாள் பதினைந்து முன்னே, மறுநாள் பத்து பின்னே என்று அலையும் வாட்சில்தான் வேலை இருக்கிறது. அதுவும் பல சமயம் போதிய சாவி ஏறாததால் வருவது.

பிசகு சீராக இருந்தால் இரவில் வைக்கும் நிலையை மாற்றிப் பாருங்கள். டயல் மேலே, கிரௌன் மேலே, கிரௌன் கீழே. ஒவ்வொரு நிலையிலும் வேகம் வேறு. மூன்று இரவு மூன்று விதமாக வைத்துக் குறித்தால், பகலில் சேர்ந்ததை இரவில் கழிக்கும் நிலை ஒன்று உங்கள் வாட்சுக்கு அகப்படும். செலவே இல்லாத இந்த வைத்தியத்தை நான் இன்னும் விடவில்லை.

போனில் துடிப்பைக் கேட்டு அளக்கும் செயலிகளும் உண்டு. லிஃப்ட் ஆங்கிள் என்று மெஷினுக்கு மெஷின் மாறும் ஓர் எண் கேட்கும்: என்எச்35-க்கு 53, 8215-க்கு 49. முழுச் சாவியில், டயல் மேலே பார்க்க, ஆம்பிளிட்யூட் (ஆடும் சக்கரம் எத்தனை டிகிரி சுழல்கிறது என்பது) 270-ஐ ஒட்டி வந்தால் ஆரோக்கியம். 200-க்குக் கீழே இறங்கினால் எண்ணெய் வறண்டிருக்கும், சர்வீஸ் நேரம்.

திறந்து வேகத்தைத் திருத்தியே தீருவேன் என்பவர்களுக்கு: என்எச்35-இல் ஆடும் சக்கரத்தின் மேல் இரண்டு சிறு கைகள் இருக்கும். ஒன்று வேகத்துக்கு, மற்றது துடிப்பின் சமநிலைக்கு. தெரியாமல் இரண்டாவதைத் தள்ளினால் வேகமும் போய், சமநிலையும் போய், அளக்கும் கருவி இல்லாமல் திரும்ப வைக்கவே முடியாது. தள்ள வேண்டிய அளவும் கண்ணுக்குத் தெரியாத அளவு. 15 நொடிக்குள் இருந்தால் நான் மூடியைத் தொட மாட்டேன்.

காலையில் எடுத்தால் நின்று கிடக்கிறது

முழுச் சாவி இருந்தால் என்எச்35 ஏறத்தாழ 41 மணி நேரம் ஓடும். வெள்ளி இரவு கழற்றி வைத்தது ஞாயிறு மாலையில் நிற்பது இயல்பு. தினமும் கட்டியும் நிற்கிறது என்றால் உங்கள் நாளைப் பாருங்கள். எட்டு மணி நேரம் கீபோர்டு முன்னால் உட்காரும் கை, ரோட்டாரை (கை அசையும்போது சுழன்று சாவி ஏற்றும் எடைத் தகட்டை) சுழற்றாது. 8215 ஒரு திசைச் சுழற்சியில் மட்டுமே சாவி ஏற்றிக்கொள்வதால் அதற்கு இன்னும் கொஞ்சம் நடமாட்டம் தேவை.

கிரௌனைத் திறந்து, நிதானமாக ஐம்பத்தைந்து அறுபது சுற்று சாவி கொடுங்கள். 'ஓவராகக் கொடுத்தால் ஸ்பிரிங் அறுந்துவிடும்' என்ற பயம் பழைய சாவி வாட்சுகளின் காலத்தது. ஆட்டோமேட்டிக்கில் ஸ்பிரிங் நிறைந்ததும் வழுக்கிக்கொள்ளும். பிறகு கட்டாமல் மேசையில் வைத்து, எப்போது நிற்கிறது என்று பாருங்கள். 38, 40 மணி நேரம் ஓடினால் மெஷினில் குறையில்லை, நடமாட்டத்தில்தான் குறை. கையால் சாவி கொடுத்தால் ஒழுங்காக ஓடி, நாள் முழுக்க நடந்து திரிந்தும் நிற்கிறது என்றால் ரோட்டாரிலிருந்து சாவி ஏறும் பகுதியில் கோளாறு. கையால் கொடுத்தும் முப்பது மணி தாண்டவில்லையென்றால் சர்வீஸ்.

சர்வீஸ் என்று போகும்போது ஒரு நடைமுறை உண்மை: இந்த வகை மெஷின்களைப் பிரித்துக் கழுவி எண்ணெயிடுவதைவிட, புது மெஷினையே மாற்றிவிடுவது பல சமயம் மலிவு. மெக்கானிக் அப்படிச் சொன்னால் ஏமாற்றுகிறார் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நொடி முள் ஓடுகிறது, நேரம் மட்டும் தப்பு

நொடி முள் நிற்கவே இல்லை, ஆனால் மதியம் பார்த்தால் இரண்டு மணி நேரம் பின்னே. மெஷின் ஓடுகிறது, நிமிட முள்ளைச் சுமக்கும் கேனன் பினியன் பிடிப்பு விட்டு வழுக்குகிறது. கிரௌனால் நேரம் மாற்றும்போது முட்கள் எதிர்ப்பே இல்லாமல் தளர்வாகச் சுற்றினால் நோய் இதுவே. மெக்கானிக்குக் கை வந்த சிறு வேலை.

8215-இல் கையை வெடுக்கென்று அசைத்தால் நொடி முள் கணம் தயங்கிப் பிறகு தாவுவதைப் பார்த்துப் பயப்படுபவர்கள் உண்டு. அந்த மெஷினில் நொடி முள் பிரதானச் சக்கர வரிசையில் நேரடியாக இல்லை, பக்கத்துச் சக்கரம் ஒன்று ஓட்டுகிறது. அந்தச் சிறு இடைவெளிதான் தயக்கமாகத் தெரிகிறது. நேரம் பிசகாது.

தேதி மதியம் மாறுகிறது, அல்லது பாதியில் நிற்கிறது

மதியம் மாறினால் உங்கள் வாட்ச் பகலை இரவு என்று நினைத்துக்கொண்டிருக்கிறது. முட்களைப் பன்னிரண்டு மணி நேரம் முன்னோக்கிச் சுற்றுங்கள், தீர்ந்தது.

இரண்டு எண்களுக்கு நடுவே நின்றால் கவனம். இரவு 9 முதல் அதிகாலை 4 வரை தேதிச் சக்கரத்தைத் தள்ளும் பல் மாட்டிக்கொண்டிருக்கும். அப்போது கிரௌனால் தேதியை மாற்றினால் பல் உடையலாம். நான் எப்போதும் செய்வது: இரண்டு முட்களையும் கீழே தள்ளி 6 மணியில் வைப்பேன். அங்கே பல் எதிலும் மாட்டியிருக்காது. தேதியை நேற்றையதாக வைத்து, பிறகு முட்களை முன்னோக்கிச் சுற்றி நள்ளிரவைத் தாண்டவிட்டு இன்றைய நேரத்துக்கு வருவேன். ஒவ்வொரு நள்ளிரவும் பாதியில் நிற்கிறது என்றால் பல் ஏற்கெனவே போயிருக்கிறது.

பெசல் சுழல மறுக்கிறது, அல்லது நேராக நிற்கவில்லை

இறுகிப்போன பெசலுக்குள் இருப்பது உப்பும், மணலும், வியர்வையும், தோலில் பூசிய கிரீமும் சேர்ந்த ஒரு கலவை. கிரௌன் திருகி மூடியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, வெதுவெதுப்பான நீரில் ஒரு சொட்டு சோப்பு விட்டு கால் மணி நேரம் ஊறப்போடுங்கள். வெந்நீர் வேண்டாம். பழைய மென்மையான டூத் பிரஷால் பெசலுக்கும் உடம்புக்கும் நடுவே தேய்த்துக்கொண்டே ஒவ்வொரு கிளிக்காகச் சுற்றுங்கள். சாம்பல் நிறத்தில் வெளியே வருவதைப் பார்த்தால் அடுத்த முறை கடலிலிருந்து வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவாமல் இருக்க மாட்டீர்கள். கத்தி வைத்துப் பெசலை நெம்புவது கடைசி வழி. அடியில் இருக்கும் கிளிக் கம்பி பறந்துபோனால் தேடிக் கிடைக்காது.

இடப்பக்கம் மட்டுமே சுழல வேண்டிய பெசல் இருபுறமும் சுழன்றால் அந்தக் கம்பி போய்விட்டது. ஒருபக்கச் சுழற்சி அழகுக்காக வைத்தது அல்ல: தெரியாமல் இடித்துக்கொண்டாலும் கழிந்த நேரம் கூடுதலாகத்தான் காட்டும், நீந்துபவர் சீக்கிரமே மேலே வந்துவிடுவார். பழைய மாடலை அப்படியே பிரதியெடுத்த சிலவற்றில் கிளிக்கே இல்லாமல் இருபுறமும் வழுக்கும் பெசல் வரும். வாங்கிய அன்றைக்கே அப்படி இருந்தால் அது பிழையல்ல, பிரதி.

பன்னிரண்டாம் மணிக் கோட்டுக்கு ஒரு மயிரிழை தள்ளி நிற்பது சிக்கன வாட்சுகளின் நிரந்தரப் புகார். 120 கிளிக் பெசலில் ஒரு கிளிக் அரை நிமிடம். அதற்குள் இருக்கும் விலகல் உற்பத்தியிலேயே வந்தது. பொறுக்க முடியாதென்றால் வாங்கிய வாரத்திலேயே மாற்றுங்கள். ஆறு மாதம் முறைத்துப் பார்த்துவிட்டுக் கேட்டால் யாரும் மாற்ற மாட்டார்கள்.

உள்ளே ஏதோ சுழலும் சத்தம்

'விர்ர்' என்ற சத்தம் ரோட்டார். 8215-இல் சாவி ஏறாத திசையில் ரோட்டார் தங்குதடையின்றிச் சுழலும். சில சமயம் கை மணிக்கட்டிலேயே அந்த அதிர்வு தெரியும். அது அதன் சுபாவம். உரசும் சத்தமோ, அசைத்தால் உலோகம் தட்டும் சத்தமோ வேறு கதை. ரோட்டார் நடுவில் இருக்கும் திருகு தளர்ந்திருக்கலாம், அல்லது மெஷினைப் பிடிக்கும் வளையம் நழுவியிருக்கலாம். கட்டுவதை நிறுத்திவிட்டுக் கொண்டுபோங்கள். கழன்ற திருகு சக்கரங்களுக்குள் விழும் வரை காத்திருக்க வேண்டாம்.

இருட்டில் லூம் தெரியவில்லை

பழைய வாட்சுகளில் ரேடியமும் பின்னர் டிரிட்டியமும் தாமாகவே ஒளிர்ந்து, ஆண்டுகள் போகப் போக மஞ்சளாகிச் செத்தன. இன்றைய ரெட்ரோ வாட்சின் வெளிர்மஞ்சள் அந்த முதுமையின் ஒப்பனை. உள்ளே இருப்பது வெளிச்சத்தை வாங்கித் திருப்பித் தரும் பொடி. அதில் கலந்த மஞ்சள் நிறமே கொஞ்சம் ஒளியை விழுங்கிவிடுகிறது. பச்சை ஒளி அள்ளி வீசும் நவீன டைவ் வாட்சோடு ஒப்பிட்டால் இது தோற்கத்தான் செய்யும்.

போன் டார்ச்சை ஒரு நிமிடம் காட்டி, இருட்டறைக்குப் போய், கண் பழகக் கொஞ்சம் பொறுத்துப் பாருங்கள். எல்லாப் புள்ளிகளும் முட்களும் ஏறத்தாழச் சமமாக ஒளிர்ந்தால் சரி. முட்கள் மட்டும் மங்கல் என்றால் அவற்றில் பூசிய லூம் மெல்லியது. கறுப்புப் புள்ளிகளோ உதிர்ந்த துகள்களோ தெரிந்தால் லூமை விட்டுவிட்டு நீர்த்துளிச் சோதனைக்குத் திரும்புங்கள். அது பெரும்பாலும் ஈரத்தின் வேலை.

கண்ணாடியில் கீறல், ஓரத்தில் பால்போல் ஒரு வளையம்

வளையமும், சாய்த்துப் பார்த்தால் எண்கள் வளைவதும் குவிந்த கண்ணாடியின் இயல்பு. பலர் அதற்காகவே வாங்குகிறார்கள். கீறல் எந்தக் கண்ணாடியில் என்பதைப் பொறுத்தது. நகத்தால் தட்டினால் மொத்தையாக ஒலித்து, தொடும்போது குளிராமல் இருந்தால் அக்ரிலிக். பெசலுக்கு டேப் ஒட்டி மறைத்து, அக்ரிலிக் பாலிஷ் பசையைப் பருத்தித் துணியில் எடுத்து ஐந்து நிமிடம் வட்டமாகத் தேய்த்தால் மேலோட்டமான கீறல் மறைந்துவிடும். மினரல் கண்ணாடி என்றால் மாற்றுவதே வழி. சஃபையரில் கீறல் போலத் தெரிவது பல சமயம் மேல்பூச்சு உரிந்ததுதான்.

ஸ்ட்ராப் ஆடுகிறது

சிறிய விஷயம் என்று தள்ளாதீர்கள்; மேலே சொன்ன எல்லாக் கோளாறிலும் வாட்ச் கையில் இருக்கும், இதில் தரையில் இருக்கும். உடம்பைப் பிடித்துக்கொண்டு ஸ்ட்ராப்பை இரு பக்கமும் வலுவாக இழுத்து, முறுக்கிப் பாருங்கள். ஸ்ட்ராப்பை உடம்போடு மாட்டும் ஸ்பிரிங் பின்னின் முனை துளையில் முழுதாக உட்காராமல் இருந்தால் அப்போதே கழன்றுவிடும், மேசைக்கு மேலே. பின் வளைந்திருந்தாலோ, அழுத்தினால் முழுதாக மீளாமல் இருந்தாலோ மாற்றிவிடுங்கள். அகலம் 20 மி.மீ.யா 22 மி.மீ.யா என்று அளந்துகொண்டு, கிடைக்கும் தடித்த வகையையே வாங்குங்கள். நீச்சலுக்குக் கட்டுகிறவராக இருந்தால் இரண்டு பின்களுக்கும் அடியில் நுழைந்து வரும் ஒரே துண்டு நைலான் ஸ்ட்ராப் நல்லது. ஒரு பின் தெறித்தாலும் வாட்ச் மறு பின்னில் தொங்கிக்கொண்டிருக்கும்.